விட்டு விட்டு எரியும் டார்ச்: பழுதைத் தேடிப் பிடித்துச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, ஒடுகத்தூர், கணியம்பாடி பக்கமெல்லாம் ராத்திரியில் மோட்டார் போடக் கொல்லைக்கு, அதாவது வயலுக்கு, போகிறவர்கள் டார்ச் இல்லாமல் படி இறங்குவதில்லை. மும்முனை மின்சாரம் எந்நேரம் வந்தாலும் எழுந்து போயாக வேண்டும். வரப்பில் கண்ணாடி விரியன் படுத்திருக்கலாம். டார்ச் சுத்தமாக எரியவில்லை என்றால் அது வீட்டிலேயே தெரிந்துவிடும், வேறு ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விடலாம். வீட்டில் நன்றாக எரிந்து, பாதி வழியில் அணைந்து, உள்ளங்கையில் தட்டினால் மறுபடி எரிகிறதே, அந்த டார்ச்தான் ஆபத்து. இந்த வழிகாட்டி முழுக்க அந்த மாதிரி டார்ச்சுக்குத்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விட்டு விட்டு எரியும் டார்ச்சில் பல்போ எல்இடியோ கெட்டுப்போயிருப்பது அபூர்வம். மின்சாரம் போய்த் திரும்பும் பாதையில் ஏதோ ஓர் இடம் சரியாகத் தொடாமல் இருக்கும், அவ்வளவுதான். அந்த இடத்தைக் கண்டுபிடித்த பிறகு உப்புத்தாளைக் கையில் எடுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கழற்றித் துடைத்து மாட்டினால் டார்ச் எரியத்தான் செய்யும். ஆனால் எது கோளாறு என்று தெரியாமலே போய்விடும். அடுத்த மழைக்கு அதே கதை மறுபடி நடக்கும்.

பாதை எப்படிப் போகிறது

உலோக உடம்புள்ள டார்ச்சில் குழாயே ஒரு வயர். கட்டையின் (பேட்டரியின்) பிளஸ் முனையிலிருந்து கிளம்பும் மின்சாரம் தலைப்பகுதியில் உள்ள சிறிய சர்க்யூட்டுக்குள் போய், எல்இடி வழியாக வந்து, தலையின் உலோகத்துக்கு இறங்குகிறது. அங்கிருந்து மரை வழியாகக் குழாய், குழாயிலிருந்து பின்மூடி, பின்மூடிக்குள் சுவிட்ச், சுவிட்சிலிருந்து ஸ்பிரிங், ஸ்பிரிங்கிலிருந்து கட்டையின் மைனஸ். இப்படி ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடங்கள் ஏழெட்டு இருக்கும். பெரும்பாலும் எதுவும் பற்றவைத்ததல்ல, வெறும் அழுத்தத்தில் நிற்பவை. அலுமினியத்தின் மேல் தானாகவே ஆக்சைடு படலம் உருவாகிறது, அது மின்சாரத்தைக் கடத்தாது. பாலாற்று மணல் தூசி மரையில் ஏறினாலும், ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரம் இறங்கினாலும் அந்தத் தொடுகைகள் கெட ஆரம்பிக்கும்.

தட்டினால் ஏன் எரிகிறது என்றால், தட்டும் அதிர்வில் அந்தப் படலம் கொஞ்சம் உராய்ந்து ஒரு புள்ளியில் உலோகம் உலோகத்தைத் தொட்டுவிடுகிறது. அந்தப் புள்ளி அடுத்த அசைவில் நகர்ந்துவிடும். அதனால் "தட்டுப்பா, எரியும்" என்று யாராவது சொன்னால், பழுது இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கழற்றுவதற்கு முன் கவனியுங்கள்

டார்ச்சை எரியவிட்டு ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். எப்போது மினுக்குகிறது என்பதை வைத்தே கோளாறு எந்தப் பக்கம் என்று பாதி தெரிந்துவிடும்.

நீளவாக்கில் ஆட்டினால் மினுக்குகிறது என்றால் கட்டை உள்ளே ஆடுகிறது, ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். பின்மூடியைப் பக்கவாட்டில் அழுத்தும்போது வெளிச்சம் மாறினால் சுவிட்ச் பகுதி. தலையைத் திருகும்போது மாறினால் அந்த மரை. சூடான பிறகு மட்டும் அணைந்து, ஆறியதும் தானாக எரிந்தால் தலைக்குள் ஈயப்பற்று விரிசல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். சூடானதும் அணையாமல் வெளிச்சம் மட்டும் குறைந்தால் அது பழுதே இல்லை. நல்ல டார்ச்சுகள் சூட்டைத் தாங்கத் தாங்களாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். அசைக்காமல் வைத்திருக்கும்போதே ஒரே சீரான இடைவெளியில் சிமிட்டினால் பெரும்பாலும் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்ற எச்சரிக்கை.

இன்னொரு அறிகுறி பலரையும் ஏமாற்றிவிடுகிறது. டார்ச் தானாகவே மோடு மாறும்: முழு வெளிச்சத்தில் வைத்திருப்பீர்கள், திடீரென்று மங்கலாகும், அப்புறம் படபடவென்று வெட்ட ஆரம்பிக்கும். சிப் போய்விட்டது என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஒரே சுவிட்சில் மூன்று நான்கு மோடு உள்ள டார்ச்சில், மின்சாரம் ஒரு கணம் நின்று வந்தால் அடுத்த மோடுக்குப் போ என்றுதான் அந்தச் சிப்புக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். தொடுகை ஒரு கணம் விட்டாலும், நீங்கள் சுவிட்சை லேசாக அழுத்தினாலும் அதற்கு ஒன்றுதான். ஆகவே தானாக மோடு மாறும் டார்ச்சில் சிப்பை விட்டுவிட்டு லூஸ் காண்டாக்டைத் தேடுங்கள்.

கட்டையிலிருந்து ஆரம்பிக்கலாம்

நன்றாக இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த கட்டையைப் போட்டுப் பார்ப்பதுதான் முதல் சோதனை. டிவி ரிமோட்டில் வேலை செய்கிறதே என்று அதிலிருந்து எடுத்துப் போடாதீர்கள். ரிமோட்டுக்கு வேண்டிய மின்சாரம் மிகக் குறைவு, களைத்துப்போன கட்டையிலும் அது மாதக்கணக்கில் ஓடும்.

மல்டிமீட்டர் இருந்தால் டிசி வோல்ட்டில் வைத்து அளக்கலாம். புது ஆல்கலைன் கட்டை 1.5 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலேயே காட்டும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் கட்டை 1.2 வோல்ட் ரகம், சார்ஜரிலிருந்து எடுத்த சூட்டில் 1.4 வரை காட்டலாம். லித்தியம் அயான் கட்டை முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், 3 வோல்ட் பக்கம் வந்துவிட்டால் காலி. ஆனால் கட்டையைத் தனியாக வெளியே வைத்து அளந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பழைய கட்டை சும்மா இருக்கும்போது நல்ல எண்ணையே காட்டும், டார்ச்சில் போட்டதும் இறங்கிவிடும். எரிந்துகொண்டிருக்கும்போது அளப்பதுதான் உண்மையான அளவு.

மூன்று கட்டை போடும் டார்ச்சில் ஒன்று மட்டும் பழையதாக இருந்தால் அது மற்ற இரண்டையும் இழுத்துக் கெடுக்கும், கடைசியில் ஒழுகவும் செய்யும். மூன்றையும் ஒரே சமயத்தில், ஒரே ரகத்தில் மாற்றுங்கள்.

கட்டையின் முகத்தையும் பாருங்கள். 18650 என்ற தடித்த லித்தியம் கட்டை இரண்டு வகையில் வருகிறது. ஒன்றில் பிளஸ் முனை கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும், மற்றதில் தட்டையாக இருக்கும். சில டார்ச்சுகளில் கட்டையைத் திருப்பிப் போட்டால் சர்க்யூட் கெடாமல் இருக்க, தலைக்குள் ஒரு பிளாஸ்டிக் வளையம் வைத்திருப்பார்கள். அங்கே தட்டை முனை சரியாக எட்டாது; எட்டியும் எட்டாமல் தொட்டு மினுக்கும். இதற்கு வேண்டியது துருத்திய முனையுள்ள கட்டை. அதே மாதிரி, பென் டார்ச்சில் போடும் சாதாரண ஏஏ கட்டையின் உருவத்திலேயே 14500 என்ற லித்தியம் கட்டை இருக்கிறது. உருவம் ஒன்று, வோல்ட் இரண்டு மடங்குக்கும் மேல். டார்ச் அதைத் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தால் மட்டும் போடுங்கள். லித்தியம் கட்டையின் மேல் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தோல் கிழிந்திருந்தால் அந்தக் கட்டையைப் பயன்படுத்தவே வேண்டாம். உள்ளே ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.

பழுது முன்னாலா, பின்னாலா

கட்டை நன்றாக இருக்கிறது, ஆனாலும் மினுக்குகிறது என்றால் இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும். இதற்கு மல்டிமீட்டர்கூட வேண்டாம், ஒரு ஜெம் கிளிப் போதும்.

பின்மூடியை முழுதாகக் கழற்றித் தள்ளி வையுங்கள். டார்ச்சைக் கண்ணாடி கீழே இருக்கும்படி மேசையில் நிறுத்துங்கள். மேலே கட்டையின் மைனஸ் பக்கம் தெரியும். இப்போது குழாயின் வாய் விளிம்பை உற்றுப் பாருங்கள். வெளியே கருப்போ சாம்பலோ பூசியிருந்தாலும், விளிம்பு மட்டும் வண்ணம் இல்லாமல் வெள்ளை உலோகமாகப் பளபளக்கும். அந்த வண்ணம் சும்மா பெயின்ட் இல்லை, அலுமினியத்தின் மேலேயே கெட்டிப்படுத்திய ஆக்சைடு, அதன் வழியாக மின்சாரம் போகாது. அதனால்தான் விளிம்பை மட்டும் வெறும் உலோகமாக விட்டிருக்கிறார்கள். ஜெம் கிளிப்பை நிமிர்த்தி, ஒரு முனையைக் கட்டையின் அடியிலும் மறு முனையை அந்த விளிம்பிலும் அழுத்திப் பிடியுங்கள். மேசையில் வெளிச்சம் விழும். சக்தி வாய்ந்த டார்ச் என்றால் ஜெம் கிளிப் சூடாகும், அதற்குத் தடிமனான செம்புக் கம்பி நல்லது.

கிளிப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் குழாயை லேசாகத் தட்டுங்கள், அசையுங்கள். வெளிச்சம் ஆடாமல் நின்றால் தலை நன்றாக இருக்கிறது, கட்டையும் நன்றாக இருக்கிறது, கோளாறு நீங்கள் கழற்றி வைத்த பின்மூடியில் இருக்கிறது. அப்படியும் மினுக்கினால் கோளாறு தலையில், அல்லது தலையும் குழாயும் சேரும் மரையில். பெரும்பாலும் பின்மூடிதான் மாட்டும்.

பின்மூடியும் சுவிட்சும்

பின்மூடிக்குள் எட்டிப் பார்த்தால் ஸ்பிரிங்கைச் சுற்றி ஒரு வளையம் தெரியும். பித்தளையாகவோ அலுமினியமாகவோ இருக்கும். அதில் எதிரெதிராக இரண்டு சின்னப் பள்ளம் இருக்கும். சுவிட்ச் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதும், சுவிட்சிலிருந்து மூடிக்கு மின்சாரத்தைக் கொண்டுபோவதும் இந்த வளையம்தான். ஆயிரக்கணக்கான முறை கட்டைவிரல் அழுத்தி அழுத்தி இது மெல்லத் தளரும். கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விழும், டார்ச் மினுக்க ஆரம்பிக்கும்.

மூக்குக் குறட்டின் இரண்டு முனையையும் அந்தப் பள்ளங்களில் வைத்து, கடிகார முள் சுற்றும் திசையில் திருகிப் பாருங்கள். கால் சுற்றாவது ஓடினால் பழுதைப் பிடித்துவிட்டீர்கள் என்று சொல்லலாம். இறுக்கி, மூடியை மாட்டிப் பாருங்கள். குறடு பெரிதாக இருந்தால் கத்தரிக்கோல் என்று எதையாவது நுழைக்காதீர்கள், ஸ்பிரிங் நசுங்கிவிடும். கைபேசி ரிப்பேர் கடையில் வைத்திருக்கும் வளைந்த மூக்கு ட்வீஸர் கச்சிதமாகப் பொருந்தும்.

வளையம் இறுக்கமாகவே இருந்தால் எதிர்த்திசையில் திருகிக் கழற்றுங்கள். வளையம், சுவிட்ச் பலகை, ரப்பர் மூடி என்று ஒவ்வொன்றாக வரும். வருகிற வரிசையிலேயே ஒரு வெள்ளைத் துணியில் வைத்துக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பொத்தானுக்குக் கீழே சிலவற்றில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தட்டு இருக்கும், அதைத் தொலைத்தால் சுவிட்ச் அழுந்தாது.

சுவிட்ச் நல்லதா என்று பார்க்க மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஸ்பிரிங்கில் ஒரு முனையும் பலகையின் விளிம்பில் மறு முனையும் வைத்துச் சொடுக்குங்கள். ஆன் ஆகும்போது எண் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்து அங்கேயே நிற்க வேண்டும். ஒரு சொடுக்குக்கு 0.3, அடுத்ததற்கு 4, அப்புறம் 1 என்று தாவினால் சுவிட்ச் உள்ளே கருகியிருக்கிறது. காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து முப்பது நாற்பது தடவை சொடுக்கினால் சில சமயம் சரியாகும். என்னைக் கேட்டால், ராத்திரி நம்பிப் போகிற டார்ச்சில் அப்படித் தேற்றிய சுவிட்சை வைக்காமல் மாற்றிவிடுவதே நல்லது. பழைய சுவிட்சைக் கையோடு எடுத்துக்கொண்டு வேலூர் லாங் பஜாருக்கோ காட்பாடிக்கோ போய் எலக்ட்ரானிக்ஸ் கடையில் அதே அளவு கேளுங்கள். அளவு ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் உட்காராது.

சரியாக எங்கே தொடுகை விடுகிறது என்று துல்லியமாகத் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு ஒரு முறை. ஜெம் கிளிப் மாதிரி ஏதாவது ஒன்றால் டார்ச்சை எரியவிட்டு, மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு தொடுகையின் இரு பக்கமும் முனைகளை வையுங்கள். நல்ல தொடுகையில் சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் போகாது. ஓர் இடத்தில் 300 காட்டினால் கட்டையின் சக்தி அங்கேதான் வீணாகிறது. அரை ஆம்பியர் ஓடும் டார்ச்சில் அதற்கு 0.6 ஓம் தடை என்று பொருள்.

துடைப்பது எப்படி

இடம் தெரிந்தாயிற்று, இப்போது துடைக்கலாம். முலாம் பூசிய தொடுகைகளுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் ரப்பர் போதும். அதில் உப்புத்தாள் போட்டால் முலாம் போய் அடியில் உள்ள இரும்பு துருப்பிடிக்கும். குழாயின் வெறும் அலுமினிய விளிம்புக்கு மட்டும் 800 அல்லது 1000 எண் உப்புத்தாளை லேசாகச் சுற்றித் தேய்க்கலாம். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் வேண்டவே வேண்டாம், அதன் துணுக்குகள் உள்ளே விழுந்து ஷார்ட் ஆக்கும். கடைசியில் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) என்று கைபேசிக் கடைகளில் சொல்லும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்து உலரவிடுங்கள். பெட்ரோல், தின்னர் இரண்டும் கூடாது, கண்ணாடி போல இருக்கும் பிளாஸ்டிக் லென்ஸ் மங்கிவிடும்.

கட்டை ஒழுகிப் பூத்துப் போயிருந்தால் வேலை கொஞ்சம் கூடுதல். ஆல்கலைன் கட்டையிலிருந்து வருவது காரம். வெள்ளைப் பொடியை முதலில் காய்ந்த டூத் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நனைத்து ஒற்றுங்கள். லேசாக நுரைக்கும். நுரை நின்றதும் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். சாறு தங்கினால் அதுவே அரிக்கும். பழைய மலிவு துத்தநாகக் கட்டையின் ஒழுக்கு அமிலத் தன்மை கொண்டது, அதற்குச் சமையல் சோடா கரைசல். எந்த வகையானாலும் கண்ணில் கை வைக்காதீர்கள். ஸ்பிரிங் பச்சையாகவோ கருப்பாகவோ அரித்து மெலிந்திருந்தால் துடைப்பது வீண், மாற்ற வேண்டும்.

மரைக்குச் சிலிகான் கிரீஸ் ஒரு பொட்டு. ரப்பர் வளையத்துக்கும் அதுவே. தேங்காய் எண்ணெய் தடவினால் நாளடைவில் பிசுபிசுத்து மணலைப் பிடித்துக்கொள்ளும். கிரீஸை விளிம்பில் அப்பிவிட வேண்டாம், தொடுகை மறைந்துவிடும்.

ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மெல்ல இழுத்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டலாம். ஸ்பிரிங்கின் அடியிலிருந்து நுனி வரை மெல்லிய செம்பு வயரைப் பற்றவைத்தால் தடையும் குறையும். கைபேசி ரிப்பேர் கடையில் இதை நிமிடத்தில் செய்துவிடுவார்கள். சாக்லேட் தாளை உருட்டி அடைப்பது ஓர் இரவுக்குத் தாங்கும். லித்தியம் கட்டை உள்ள டார்ச்சில் அதையும் செய்யாதீர்கள், தாள் நகர்ந்து ஷார்ட் ஆனால் விபரீதம்.

தலையில் கோளாறு என்றால்

முதலில் தலையைத் திருகிப் பாருங்கள். பாதி டார்ச்சுகள் இறுக்கியதோடு சரியாகிவிடும். இல்லையென்றால் உள்ளே உள்ள சர்க்யூட் பலகையின் விளிம்பு வளையம் தலையின் சுவரை அழுத்தமாகத் தொடுகிறதா என்று பாருங்கள். எரியும்போது, நெருப்புக்குச்சி போன்ற ஒரு மரக்குச்சியால் பலகையின் ஓரங்களை மாறி மாறி அழுத்துங்கள். எங்கே அழுத்தினால் வெளிச்சம் நிலைக்கிறதோ அங்கே ஈயப்பற்று விட்டிருக்கும். சூடு காட்டி மறுபடி பற்றவைக்க வேண்டும்.

மூன்று சிறிய கட்டைகளைச் செருகும் பிளாஸ்டிக் கூடு உள்ள டார்ச்சில் கூட்டையே சந்தேகப்படுங்கள். இரண்டு ஓரத்திலும் தகடுகள் ரிவெட்டில் நிற்கும், அது தளரும். ஒரு தகட்டிலிருந்து அடுத்த தகட்டுக்கு மல்டிமீட்டரில் பார்த்து, விடுகிற இடத்தில் ஒரு துளி ஈயம் வைத்தால் தீர்ந்தது.

பின்னால் பிளக் நீட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் டார்ச்

கிராமத்து வீடுகளில் அதிகம் இருப்பது இதுதான். உள்ளே 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. மின்சாரத்தைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது, ஒரு சின்னக் கெப்பாசிட்டர்தான். அதனால் சுவரில் செருகியிருக்கும்போது உள்ளே உள்ள எல்லாவற்றிலும் 230 வோல்ட் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். செருகியபடி திறக்கவே கூடாது. உடைந்த ஓட்டோடு சார்ஜ் போடுவதும் கூடாது. பிடுங்கிய கையோடு பிளக்கின் இரண்டு முனையையும் விரலால் தொட வேண்டாம், கெப்பாசிட்டரில் மிச்சம் இருந்தால் அடிக்கும்.

பிடுங்கிச் சற்று நேரம் கழித்துத் திறந்தால், பெரும்பாலும் பேட்டரி முனையில் வயர் அரித்து ஓர் இழையில் தொங்கும். நறுக்கிப் புதிதாகப் பற்றவையுங்கள். பேட்டரி சார்ஜ் போட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் 4 வோல்ட்டை எட்டவில்லை என்றால் அது போய்விட்டது. இந்த வகைப் பேட்டரியைக் காலியாகவே போட்டு வைத்தால் தகடுகள் கெட்டிப்பட்டுப் பிறகு சார்ஜே ஏறாது. பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒரு தடவை சார்ஜ் போடுங்கள்.

சரியானதா என்று உறுதி செய்யுங்கள்

மாட்டி முடித்ததும் எரிகிறது என்பது போதாது. அரை மணி நேரம் தொடர்ந்து எரியவிட்டு, சூடான பிறகு உதறுங்கள், பின்மூடியை எல்லாப் பக்கமும் அழுத்துங்கள், சுவிட்சை மாறி மாறிச் சொடுக்குங்கள். ஒரு தடவை மினுக்கினாலும் கொல்லைக்கு அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். மறுநாள் காலையில் குளிர்ந்த நிலையிலும் ஒரு தடவை பாருங்கள்.

சித்திரை வைகாசி வெயிலில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும். வண்டி டிக்கிக்குள் அதைவிடக் கூடும். லித்தியம் கட்டை உள்ள டார்ச்சை அங்கே விட்டுவைக்க வேண்டாம், வெயிலில் காய்ந்த சூட்டோடு சார்ஜும் போட வேண்டாம். வீங்கிய கட்டை, அடிபட்டு நசுங்கிய கட்டை இரண்டையும் முனைகளில் டேப் ஒட்டி, பேட்டரி வாங்கிக்கொள்ளும் மின்கழிவு மையத்தில் கொடுத்துவிடுங்கள். குப்பையோடு சேர்த்து எரிப்பது வேண்டாம்.

நீண்ட நாள் தொடாமல் வைக்கப் போகிற டார்ச்சில் கட்டையைக் கழற்றித் தனியாக வையுங்கள். கட்டையைத் திருப்பிப் போட்டு உள்ளேயே வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பழைய பல்பு டார்ச்சுக்கு அது சரி, சர்க்யூட் உள்ள எல்இடி டார்ச்சில் யாராவது தெரியாமல் சுவிட்சைப் போட்டால் சர்க்யூட் போய்விடும்.